ஏழாம் எண் வளையல்

அத்தியாயம் 12

வளையலைத் தயாரித்து விற்க முன்வந்த கோயம்புத்தூர்க்காரர்கள் கேட்டது ஒரே ஒரு எண். காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் பதிவானதும் தரப்படும் எண். அது வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்துவிட்டால் திங்கட்கிழமை உட்கார்ந்து ஒப்பந்தம் பேசலாம். வராவிட்டால் அவர்கள் வேறு பொருளைப் பார்க்கப் போய்விடுவார்கள். போன வாரம் துவாக்குடியில் அஃப்ஷீன் வேலைக்கென்று எடுத்திருந்த வாடகை அறைக்கு வந்து, டீயைக் குடித்து முடித்து, இதை மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை.

அஃப்ஷீன் காலை ஆறு மணிக்கே எழுந்து, வளையல் பெட்டியைத் திறந்து எண்ணினாள். மொத்தம் எட்டு வளையல்கள் செய்திருந்தாள். ஒன்று அம்மா கையில் இருக்கும். பெட்டியில் ஏழு இருக்க வேண்டும். ஆறுதான் இருந்தன.

வளையல் என்று வீட்டில் சொன்னாலும் அது இரண்டு பொருள்கள். ஒன்று, குக்கர் கைப்பிடியின் அடியில் கவ்விக்கொள்ளும் ஒரு சிறிய வில்லை. மற்றது, கையில் போடும் கறுப்பு வளையல். விசில் வரும்போது மூடி அதிர்வதை வில்லை உணர்ந்து கம்பியில்லாமல் சேதி அனுப்பும். வளையல் ஒரு தடவை நடுங்கும். நாலு விசில் என்று வைத்திருந்தால் நாலாவதற்கு நீளமாக நடுங்கும்.

விசில் எண்ணும் கருவிகள் கடைகளில் ஏற்கெனவே உண்டு. அவை பேட்டரியில் ஓடுபவை. அஃப்ஷீனின் வில்லையில் பேட்டரி கிடையாது. குக்கரின் சூட்டிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எடுத்துக்கொள்ளும். எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்குத்தான் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது.

யாருக்காக என்ற கேள்விக்கு மட்டும் அந்த வீட்டில் பதில் சொல்லப்பட்டதில்லை.

ஜஹானாராவுக்கு நாலு வருஷமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும் யாரும் சொல்லவில்லை. கணவர் தாஜுதீன் அவளுக்கு நேரே வந்து நின்றுகொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பார். சார்ஜாவில் இருக்கும் மகன் சர்ஃபராஸ் போன் செய்வதை விட்டுவிட்டு, கட்டுரை போல நீளமாகச் செய்தி எழுதி அனுப்புவான். இரண்டு வருஷத்துக்கு முன்பு குக்கர் வற்றி வால்வு பிய்த்துக்கொண்டு பருப்பு மேற்கூரையில் ஒட்டியபோதுகூட, "இந்த கம்பெனி வால்வே சரியில்லை" என்று தாஜுதீன் ஒரு வாரம் கம்பெனியைத் திட்டினார். அதன் பிறகுதான் அஃப்ஷீன் வளையல் வேலையைத் தொடங்கினாள். அம்மாவிடம் கொடுக்கும்போது, "விசில் எண்ணுறதுக்கும்மா. எல்லாருக்கும்தான்" என்றாள்.

"அப்படியா, நல்லாயிருக்கே" என்று சொல்லி ஜஹானாரா வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

அஃப்ஷீன் அடுப்பங்கரைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை என்பதால் தால்ச்சாவுக்குப் பருப்பும் எலும்பும் குக்கரில் ஏறியிருந்தன. அம்மாவின் மணிக்கட்டில் வளையல் இருந்தது. ஆனால் இறுக்கிப் பிடித்துச் சதை பிதுங்கியது. அது நாலாம் எண். அம்மாவின் கைக்குப் பொருந்துவது ஏழாம் எண் மட்டும்தான்.

அவள் அம்மாவின் தோளைத் தொட்டாள். ஜஹானாரா திரும்பினாள்.

"ஏழாம் நம்பர் எங்கம்மா?"

ஜஹானாரா மகளின் முகத்தையே ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "தேங்காய் அரைக்கணும்" என்று சொல்லிவிட்டு மிக்ஸியைப் போட்டாள்.

கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்று அஃப்ஷீனுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டின் வழக்கப்படி இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

*

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில், பழக்கடைக்கும் லாட்ஜ் படிக்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது தாஜுதீனின் கடை. சார்ஜர், கேபிள், இயர்போன், கவர், பவர் பேங்க். அந்த வரிசையில் இதே சாமான்களை விற்கும் கடைகள் பதினொன்று. தாஜுதீன் கடையில் மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் உடைத்த சார்ஜர்கள் இருக்கும். புதுச் சரக்கு வந்தால் அதில் ஒன்றை வாடிக்கையாளர் எதிரிலேயே உடைத்து, உள்ளே இருப்பதை வெளியே பரப்பிவிடுவார். "பாத்துக்கங்க. இது காயில், இது ஃபியூஸ். பக்கத்துக் கடையில இந்த ஃபியூஸ் இருக்காது, ஒரு கம்பி இருக்கும்." முசிறி, துறையூர் பஸ்ஸைப் பிடிக்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்ப்பார்கள்.

அஃப்ஷீன் போனபோது மணி பதினொன்று. அவர் தனியாக உட்கார்ந்து கேபிள்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தா, ஏழாம் நம்பர் வளையல் எங்கே?"

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"எந்த ஏழு?"

"அம்மா போட்டிருந்தது. வில்லையும் காணோம்."

தாஜுதீன் கேபிளைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். "அதாம்மா... நான்தான் குடுத்தேன்."

"யாருக்கு?"

"முசிறிலேர்ந்து செல்லக்கண்ணுன்னு ஒருத்தர் வருவாரு. வாழை போட்டிருக்காரு. அவரு சம்சாரத்துக்கு வந்து..." குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு யாரும் இல்லை. "கேக்காதாம்."

"வில்லையோட சேத்தா குடுத்தீங்க?"

"வில்லை இல்லாம வளையலை வச்சுக்கிட்டு அவங்க என்னம்மா பண்ணுவாங்க?"

அஃப்ஷீன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "திறந்து காட்டினீங்களா?"

"இல்லவே இல்லை."

"அத்தா."

"சத்தியமா இல்லம்மா. வில்லையத் திறக்கவே இல்லை."

"ஊர்ல இருக்குற எல்லாத்தையும் உடைச்சு உடைச்சுக் காட்டுவீங்க. முப்பது வருஷமா அதான் பண்றீங்க. என்னோடதை மட்டும் அப்படியே பொட்டலம் கட்டிக் குடுத்தீங்களாக்கும்?"

தாஜுதீன் கண்ணாடிப் பெட்டியில் இருந்த உடைந்த சார்ஜர் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"இது வெளிய போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? விண்ணப்பம் போடுற வரைக்கும், ஒரே ஒரு மாசம். உங்களால முடியலை இல்ல?"

"தப்புதாம்மா" என்றார் தாஜுதீன்.

அவர் உடனே ஒப்புக்கொண்டது அவள் கோபத்தைக் கூட்டியது. வெளியே வந்து நின்று அனுசுயாவுக்குப் போன் செய்தாள். அனுசுயா காப்புரிமை முகவர். ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே அலுவலகம் வைத்திருப்பவர். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"திட்டி முடிச்சிட்டீங்களா அப்பாவை?"

"பாதிதான் மேடம்."

"மீதியை அப்புறம் வச்சுக்கங்க. பொருள் நம்ம கையை விட்டு வெளிய போன பிறகு விண்ணப்பிச்சா, இது புதுசு இல்லைன்னு நாளைக்கு யாராவது எதிர்ப்பு சொல்லலாம். ஆனா சோதிச்சுப் பாக்கத்தான் குடுத்தோம், அப்படிக் குடுக்காம சோதிக்கவே முடியாதுன்னு காட்ட முடிஞ்சா ஒரு வழி இருக்கு. அதுக்கு எனக்குத் தாள் வேணும். யார் குடுத்தது, யாருக்கு, என்னைக்கு, என்ன சொல்லிக் குடுத்தாங்க. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. உங்க சோதனைக் குறிப்புல 'பயனர் ஒன்று'ன்னு எழுதியிருக்கீங்களே, அது யாரு?"

அஃப்ஷீன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா."

"கேட்கிற சக்தி குறைஞ்சவங்களா?"

"ஆமா."

"குறிப்புல அப்படி இல்லையே. 'சமையல் செய்பவர்'னு போட்டிருக்கு. டாக்டர் சீட்டு ஏதாவது இருக்கா?"

"இல்லை மேடம்."

"காது டாக்டர்கிட்ட போனதே இல்லையா? மிஷின் வாங்கின ரசீது? உங்க அண்ணனுக்கு, உங்களுக்கு நடுவுல 'அம்மாவுக்கு இப்படி இருக்கு'ன்னு ஒரு மெசேஜ்?"

"ஒண்ணும் இல்லை."

மறுபக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "காது கேக்காதவங்க போட்டுப் பாத்தாத்தான் இது வேலை செய்யுதான்னு தெரியும். வெளிய குடுத்ததுக்கு நமக்கு இருக்குற ஒரே காரணம் அதுதான். அதுக்கு முதல் சாட்சி உங்கம்மா. அவங்க கையெழுத்து போட்ட வாக்குமூலம் ஒண்ணு வேணும். இன்னைக்கே."

போனை வைத்த பிறகும் அஃப்ஷீன் வெயிலில் நின்றாள். நாலு வருஷமாக மூன்று பேரும் எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மாவின் மனசு நோகக் கூடாது என்று ஒரு சொல்லைக்கூட வெளியே விடவில்லை. இப்போது தேடினால் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

உள்ளே போய்ச் சொன்னாள். தாஜுதீனின் முகம் மாறியது.

"உங்கம்மாகிட்டயா? அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கும்?"

"காது கேக்காதுன்னு எழுதியிருக்கும்."

"வேண்டாம்மா."

"அப்ப எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா அத்தா? ரெண்டு வருஷத்தை?"

அவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். கழற்றினார். "இங்கிலீஷ்ல எழுதச் சொல்லேன். சாட்சிக் கையெழுத்துன்னு சொல்லி வாங்கிடலாம். அவ படிக்க மாட்டா."

இது தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனால் வேறு யோசனை இரண்டு பேருக்கும் வரவில்லை. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

*

"ஸ்ரீரங்கம் வரைக்கும் வரணும்மா. ஒரு சாட்சிக் கையெழுத்து" என்றாள் அஃப்ஷீன், அம்மாவுக்கு நேரே நின்று.

ஜஹானாரா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு வந்தாள்.

பீமநகரிலிருந்து ஆட்டோ. அம்மாவும் மகளும் பின்னால். தாஜுதீன் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு, காவிரிப் பாலம் முழுக்கப் பின்பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்து வந்தார். ஆற்றில் தண்ணீர் போகிறது என்றார். புதுப் பாலத்து வேலை நடக்கிறது என்றார். டிரைவர் இரண்டு தடவை, "பாய், முன்னாடி பாத்து உக்காருங்க, விழுந்திடப் போறீங்க" என்றார். அவர் கேட்கவில்லை. முன்னால் திரும்பினால் மனைவிக்கு அவர் முகம் தெரியாது.

அனுசுயாவின் வீடு அம்மாமண்டபம் ரோட்டில் ஓர் அடுக்கு வீட்டின் முதல் மாடி. முன்னறைதான் அலுவலகம். இரண்டு திரைகள், ஒரு பிரிண்டர், சுவரை மறைத்து அடுக்கிய கோப்புகள். ஜன்னலோரம் ஒரு சோபா.

"அம்மா, நீங்க அங்க காத்தாட உக்காருங்க" என்று அனுசுயா சோபாவைக் காட்டினார். ஜஹானாராவுக்குக் காப்பி வந்தது.

மேசையைச் சுற்றி மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். அஃப்ஷீன் குரலைத் தாழ்த்தி, தாங்கள் யோசித்து வைத்ததைச் சொன்னாள். அனுசுயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவங்களுக்குத் தெரியாம கையெழுத்து வாங்கித் தரச் சொல்றீங்களா? நான் தமிழ்லதான் எழுதுவேன். படிச்சுக் காட்டுவேன். சம்மதம்னு அவங்க சொன்னாத்தான்." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "முதல்ல அப்பாவோடதை முடிப்போம். பாய், சொல்லுங்க. என்னைக்குக் குடுத்தீங்க?"

"புதன்கிழமை. இந்தப் புதன் இல்லை, போன... இல்ல, அதுக்கும் முந்தின புதன்."

"யார் கையில?"

"செல்லக்கண்ணு கையில."

"அவர் சம்சாரம் இருந்தாங்களா?"

"இல்லை. ஆமா, இருந்தாங்க. சந்திரம்மாள்னு பேரு."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"சும்மா, போட்டுப் பாருங்கன்னு."

"பக்கத்துல வேற யாரு?"

தாஜுதீன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாடிக்கையாளரிடம் ஒரு ஃபியூஸைப் பற்றிக் கால் மணி நேரம் பேசக்கூடியவர், இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் தேடினார். அனுசுயா தட்டச்சு செய்து, அச்செடுத்து, அவர் முன்னால் வைத்தார்.

"இதுல இருக்கிறது உண்மைன்னு உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடணும். பின்னால யாராவது கேஸ் போட்டா இதைத்தான் முதல்ல எடுப்பாங்க. ஒரு வரி பொய்யா இருந்தாலும் மொத்தமும் போச்சு. நல்லா யோசிச்சுப் போடுங்க பாய்."

தாஜுதீன் பேனாவை எடுத்தார். தாளின் மேல் வைத்தார். பேனா நகரவில்லை.

"அவரு அதுல கையெழுத்துப் போடக் கூடாது."

சோபாவிலிருந்து வந்தது குரல். நாலு வருஷத்தில் ஜஹானாராவின் குரல் அவள் அறியாமலே உரத்துப் போயிருந்தது. அந்தச் சின்ன அறையில் அது சுவரில் மோதித் திரும்பியது.

மூவரும் திரும்பினார்கள்.

"அவரு குடுக்கலை. நான்தான் குடுத்தேன்."

"அம்மா" என்றாள் அஃப்ஷீன். "உங்களுக்கு நாங்க பேசினது..."

"கேக்கலை" என்றாள் ஜஹானாரா. "பாத்தேன். நாலு வருஷமா உங்க வாயைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன். இவரு பொய் சொன்னா கீழ் உதட்டை உள்ள இழுத்துக்குவாரு. கல்யாணம் ஆன புதுசுலேர்ந்தே அப்படித்தான்."

தாஜுதீன் பேனாவை மூடினார்.

"இங்க வாங்கம்மா" என்றார் அனுசுயா. தன் நாற்காலியை மேசைக்கு வெளியே இழுத்து, ஜஹானாராவுக்கு எதிரே போட்டுக்கொண்டார். "எ...ன்...ன... ந...ட...ந்...து..."

"அவ்ளோ மெதுவா வேணாங்க. சாதாரணமாப் பேசுங்க. மெதுவாப் பேசினா வாய் வேற மாதிரிப் போகுது."

அனுசுயா சிரித்துவிட்டார். ஜஹானாராவும்.

அவள் சொன்னது இதுதான். அந்தப் புதன்கிழமை கடைக்குச் சோறு கொண்டுபோயிருந்தாள். தாஜுதீன் மதிய லுஹர் தொழுகைக்குப் போனார். கடையை அவள் பார்த்துக்கொண்டாள். செல்லக்கண்ணு வந்து கேபிள் கேட்டார். அவர் மனைவி வெளிப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு கூப்பிடுறாரு, அந்தம்மா திரும்பவே இல்லை. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அதுக்கும் திரும்பலை. எனக்குப் புரிஞ்சுபோச்சு. புருஷனை டீ குடிச்சிட்டு வரச் சொல்லிட்டு நான் போய் அவங்க முன்னால உக்காந்தேன். எனக்கும் கேக்காதுன்னேன்." அவள் நிறுத்தினாள். "முதல் தடவையா வாயால சொன்னேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. குக்கர் வச்சா பக்கத்துலயே நிக்கிறாங்களாம், ஆவி வருதான்னு பாத்துக்கிட்டு. நானும் அப்படித்தானே நின்னேன். கழட்டிக் குடுத்துட்டேன். வில்லை பையில இருந்துச்சு, சாயங்காலம் சுத்தம் பண்ணணும்னு வச்சிருந்தேன்."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்றாள் அஃப்ஷீன்.

"சொன்னா ஏன் குடுத்தேன்னு சொல்லணும். அவங்களுக்குக் கேக்காதுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நீ கேப்ப."

அனுசுயாவின் விரல்கள் மடிக்கு இழுத்துக்கொண்ட விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தன. "குடுக்கிறப்ப அவங்ககிட்ட என்ன சொன்னீங்க? சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"இது என் பொண்ணு செஞ்சது, இன்னும் கடைக்கு வரலை, போட்டுப் பாருங்க. எப்படி இருக்குன்னு எனக்கு மட்டும் சொல்லணும், வேற யார்கிட்டயும் காட்டவும் கூடாது, சொல்லவும் கூடாதுன்னேன். அவங்க குர்ஆன் மேல சத்தியம் பண்ணட்டுமான்னாங்க. உங்க சாமி மேலயே பண்ணுங்கன்னேன்."

விரல்கள் நின்றன. "யார்கிட்டயும் காட்டக் கூடாதுன்னு சொன்னீங்களா? அதை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"இதை யாராவது சொல்லிக் குடுக்கணுமா? அந்தம்மாவுக்குக் கேக்கலைங்கிறது ஊருக்கெல்லாம் தெரியணுமா? என்னோடதும்தான்."

அனுசுயா அஃப்ஷீனைப் பார்த்தார். "பெரிய கம்பெனிங்களுக்கு இதையே நான் மூணு பக்கத்துக்கு எழுதிக் குடுப்பேன். ரகசியம் காக்கும் உறுதிமொழின்னு பேரு. உங்கம்மா பெஞ்சுல உக்காந்து முடிச்சிருக்காங்க."

அஃப்ஷீன் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க ஏன் நான்தான் குடுத்தேன்னு சொன்னீங்க? நான் அவ்ளோ திட்டினேன்ல. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

தாஜுதீன் மனைவிக்கு முகம் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "தொழுதுட்டு வந்தேன். கடையில இவ அந்தம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தா. எனக்கும் கேக்காதுன்னு சொன்னது பழக்கடை வரைக்கும் கேட்டுச்சு. நான் எப்படி உள்ள போறது? பேசி முடிக்கட்டும்னு பழ வண்டிக்குப் பின்னாடி நின்னேன். நல்ல வெயில். பழக்கடைக்காரன் என்ன பாய் ஒளிஞ்சு நிக்கிறீங்கன்னு வேற கேக்குறான். இவதான் குடுத்தான்னா இதையும் சொல்லணுமே."

"எனக்குத் தெரியாதா அது?" என்றாள் ஜஹானாரா. "உங்க தொப்பி தெரிஞ்சுது."

"தெரிஞ்சா சொல்றதுதானே!"

"நீங்க மூணு பேரும் அவ்ளோ பாடுபட்டு மறைச்சுக்கிட்டு இருக்கீங்க. அதைப் போய் எப்படிக் கெடுக்கிறது? சர்ஃபராஸ் பாவம், ஒரு வரி எழுத மாட்டான். இப்ப நாலு பக்கம் எழுதுறான். காது கேக்குதுன்னு நான் காட்டிக்கிட்டேன், கேக்கலைன்னு தெரியாதுன்னு நீங்க காட்டிக்கிட்டீங்க. நல்லாத்தானே போச்சு?"

அஃப்ஷீனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையும் முழுசாகச் செய்ய முடியாமல் மூக்கைச் சிந்தினாள்.

அனுசுயா புதிதாக ஒரு தாளை அச்செடுத்தார். ஜஹானாரா அதை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"'செவித்திறன் குறைபாடு உடைய நான்...' இது யாரு?"

"நீங்கதாம்மா. அப்படித்தான் எழுதுறது."

"என் கையெழுத்துதானே? எனக்குக் காது கேட்காதுன்னு எழுதுங்க. நாலு வருஷமாக் கேட்காது. இடது பக்கம் சுத்தமா இல்லை. வலது பக்கம் பாத்திரம் விழுந்தா தெரியும். அப்படியே போடுங்க."

அப்படியே போட்டார். ஜஹானாரா கையெழுத்திட்டாள். தாஜுதீனின் பழைய தாளை அனுசுயா கிழித்துக் கூடையில் போட்டார்.

மணி நாலேகால்.

"இனிமே முசிறி அம்மாவோட வாக்குமூலம் மட்டும்தான். அதை நாளைக்கு வாங்கிக்கலாம். அவங்க பத்திரமா வச்சிருக்காங்களான்னு மட்டும் இப்பக் கேட்டுடுங்க" என்றார் அனுசுயா.

தாஜுதீன் செல்லக்கண்ணுவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"பாய்! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் செல்லக்கண்ணு. பின்னால் யாரோ வாழைத்தார் எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம். "ரெண்டு வாரமா நாலாவது விசிலுக்குக் கரெக்டா வந்து நிறுத்துறா. எனக்கே ஆச்சரியம். வளையலைக் கழட்டவே மாட்டேங்குறா."

"வில்லை?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். அவ தம்பி சிவசங்கர் நேத்து வந்தான். ஓசூர்ல குக்கர் கம்பெனில இருக்கான். அவ யார்கிட்டயும் காட்டலை பாய், ஒளிச்சுத்தான் வச்சிருந்தா. இவன் குக்கரைத் தேய்க்க எடுத்தவன் பாத்துட்டான். பேட்டரி இல்லாம எப்படி ஓடுதுன்னு ராத்திரி பூரா பொலம்பினான். காலையில பாத்தா எடுத்துட்டுக் கிளம்பிட்டான். கம்பெனில பெரிய சார்கிட்ட காட்டிட்டுத் திருப்பிக் குடுத்துடுறேன்னு போன்ல சொல்றான். இவ அழுதுக்கிட்டு உக்காந்திருக்கா."

"எப்பக் காட்டப் போறாராம்?" என்றாள் அஃப்ஷீன்.

"இன்னைக்கு சாயங்காலம் மீட்டிங்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இல்ல நாளைக்கா... கேட்டுச் சொல்லட்டுமா?"

அனுசுயா ஏற்கெனவே விண்ணப்பப் பக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார். "அந்தத் தம்பி போன் நம்பர் வாங்குங்க" என்று வாயசைத்தார்.

செல்லக்கண்ணு மச்சான் நம்பரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். ஜஹானாரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஸ்பீக்கரில் வந்த குரலில் ஒரு எழுத்துகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு உதடுகள் இல்லை.

"என்ன?"

தாஜுதீனும் அஃப்ஷீனும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அஃப்ஷீன்.

"மை காயலை இன்னும்" என்றாள் ஜஹானாரா, தன் கையெழுத்தைக் காட்டி.

அஃப்ஷீனின் முகம் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்கு நேரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். குக்கர் கம்பெனியை, மீட்டிங்கை, அங்கே வில்லையை உடைத்துப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதை. எதையும் விடவில்லை. ஜஹானாரா இடையில் தலையாட்டவும் இல்லை.

"அனுப்புறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்?" என்று அனுசுயாவிடம் கேட்டாள்.

"வரைபடம் எல்லாம் ஏத்தணும். முக்கால் மணி நேரம்."

"சரி, நீங்க உங்க வேலையைப் பாருங்க. அந்தத் தம்பியை வீடியோல கூப்பிடு அஃப்ஷீன். நான் பேசுறேன்."

"நீயா?" என்றார் தாஜுதீன்.

"நீங்க பேசினா ஃபியூஸ், காயில்னு ஆரம்பிச்சிடுவீங்க."

நாலாவது தடவை மணி அடித்தபோது ஓசூரில் எடுத்தார்கள். திரையில் இளைஞன் ஒருவனின் பாதி முகம், அதுவும் இருட்டாகத் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் நீளமான மேசை. அதைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹலோ, யாருங்க?"

ஜஹானாரா போனை மகளின் கையிலிருந்து வாங்கி, எட்டப் பிடித்தாள்.

"தம்பி, நான் அந்த வளையலோட ஆளு. எனக்குக் காது கேக்காது. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து நின்னு பேசுங்க."